இரண்டு ரூபாய்க்குள் ஒரு ரூபாய்

அத்தியாயம் 6

முதல் விரலை உடைத்தபோது ஜானகிராமன் அலறினார். இரண்டாவது விரலுக்கு அழுதார். மூன்றாவது விரலுக்கு ஏழுமலையானைக் கூப்பிட்டார். காசு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

முகத்தில் துண்டு கட்டிய இரண்டு பேர். ஒருவன் அவருடைய வலது கையைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்து மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவன் சுத்தியால் அடித்தான். அவசரமே இல்லாத அடி. பீரோவில் தங்கச் சங்கிலி இருந்தது, தொடவில்லை. ஆல்பத்தில் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய்கள் இருந்தன, புரட்டிப் பார்த்துவிட்டுச் சுவரில் வீசி எறிந்தார்கள். "பேப்பர்ல போட்டோ வந்துச்சே, அந்தக் காசு எங்க?" என்பதைத் தவிர வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இவ்வளவு நடந்த பிறகு அந்த மனிதர் ஆஸ்பத்திரியில் சொன்னது என்ன தெரியுமா? பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டேன். டாக்டருக்கு அதே பதில். மகளின் பிரசவத்துக்குத் திருச்சி போயிருந்த மனைவிக்குப் போனில் அதே பதில். அவரைப் போன்ற அணு விஞ்ஞானிகள் குடியிருக்கிற அணுபுரம் முழுக்க அதே பதில். படித்தவர்களுக்குப் பயம் வந்தால் பொய் எவ்வளவு சுத்தமாக வருகிறது.

"பாத்ரூம்ல வழுக்கினா இடுப்பு ஒடையும்," என்றாள் ஷபானா. "ஆள்காட்டி, நடு, மோதிர விரல்னு வரிசையா ஒடைக்க உங்க பாத்ரூம் இன்னா ஆர்மோனியமா வாசிக்குது?"

ஷபானா கோவளத்துப் பெண். துப்பறியும் பக்தவத்சலத்தின் உதவியாளர். ஒரு ஸ்கூட்டியும் ஓயாத வாயும் அவளுக்குச் சொந்தம். பக்தவத்சலம் செங்கல்பட்டில், ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் ஆபீஸ் வைத்திருக்கிறவர். அவருக்கும் சேர்த்து ஷபானாவே பேசிவிடுவதால் அவர் அதிகம் பேசுவதில்லை.

அவர்களை இங்கே அனுப்பியவள் செங்கம்மாள். இன்று காலை மீன் கூடையோடு மாடியேறி வந்திருந்தாள்.

"எம் புருசன் நீலமேகம். ராமானுஜத்தோட சிற்பக் கூடத்துல கல்லு தூக்கி எறக்கற வேலை," என்றாள். "தை மாசம் பொணமா கரையில ஒதுங்கினாரு. வலது கை கூழா பூடுச்சி. தண்ணியப் போட்டுட்டு கடல்ல வுழுந்தான், பாறையில மோதிட்டான்னு எழுதி மூடிட்டாங்கோ. குடிக்கிற ஆளே இல்ல சார் அவரு. கடல்லயே பொறந்து வளந்த ஆளு. எனக்கு ஒண்ணு தெரியணும். கடலா, ஆளா?"

"யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?"

"அணுபுரத்துல ஜானகிராமன்னு ஒரு ஐயா கீறாரு. அவரு கைய ஒடைச்சிட்டாங்கோ. அங்க போயி கேளு."

"அவருக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் என்ன சம்பந்தம்?"

"போயி கேளு சார்." கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

பக்தவத்சலம் இப்போது அதைத்தான் ஜானகிராமன் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார். ஜானகிராமனுக்கு நீலமேகம் என்ற பெயரே தெரியவில்லை. ஆனால் சுத்தியைப் பற்றிப் பேச்செடுத்ததும் கட்டுப் போட்ட கையை மடியில் ஒளித்துக்கொண்டார். பூஜை அலமாரிக்குப் போய், மஞ்சள் துணி சுற்றிய திருப்பதி உண்டியலை இடது கையால் எடுத்துவந்து மேஜைமேல் கவிழ்த்தார். கொட்டிய சில்லறையிலிருந்து ஒரு காசைப் பொறுக்கினார்.

"இதுதான் சார். மிண்ட் எரர். நாணயச் சாலையிலேயே தப்பா அடிபட்டது."

அது ஒரு இரண்டு ரூபாய். இந்தியா படம் இருக்க வேண்டிய பக்கத்தில், ஒரு ரூபாய் நாணயத்தின் உருவம் பள்ளமாக விழுந்திருந்தது. எழுத்தெல்லாம் இடவலம் மாறி.

"எப்படி இப்படி ஆகும்?" என்றார் பக்தவத்சலம்.

வலியை மறந்துவிட்டார் மனிதர். "மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு. நடுவுல வெறும் தகட்டை வச்சு ஒரே அடி, காசு ரெடி. சில சமயம் அடிச்ச காசு வெளியே விழாம அச்சுலயே ஒட்டிக்கும். அடுத்த தகடு அதுமேலயே அடிபட்டா, முன்னாடி காசோட உருவம் இதுல பள்ளமா, கண்ணாடியில பார்க்கிற மாதிரி விழும். அதுவும் ரெண்டு ரூபாய்ல ஒரு ரூபாய்னா நான் கேள்விப்பட்டதே இல்லை. பேப்பர்காரங்க ஞாயித்துக்கிழமை போட்டோ போட்டாங்க."

"வெளியில யாராவது சுத்தியால அடிச்சிருந்தா?"

"அது வெறும் டேமேஜ். தண்டவாளத்துல வச்சு நசுக்கிறது, பட்டறையில கொடுத்து அழுத்துறது, இதெல்லாம் குப்பை சார். பிறவியிலேயே தப்பா இருந்தாத்தான் மதிப்பு. பிறந்த பிறகு அடிபட்டா ஒண்ணுமே இல்லை."

"மனுசங்களுக்கு மட்டும் ரெண்டுக்குமே மதிப்பு இல்ல," என்றாள் ஷபானா.

"எங்கே கிடைச்சது?"

"சில்லறையில வந்தது. கேட் வாசல்ல காய், பூ, மீன் எல்லாம் வாங்கிட்டு வந்து பையைக் கொட்டினேன், அதுல கிடந்தது. ஆராய்ச்சித் தராசுல எடை பார்த்துட்டேன் சார். சரியா ஆறு கிராம். விட்டமும் சரி."

பக்தவத்சலம் காசை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஷபானா, உன் பவுடர் டப்பாவுல கண்ணாடி இருக்கா?"

"நம்ம வேலையில மூஞ்சி பாக்க ஏது நேரம்னு நெனச்சேன். ஒருவழியா கேட்டீங்க."

"அந்தப் பள்ளத்துல அடியில வருஷம் இருக்கும். கண்ணாடியில படி."

அவள் டப்பாவைத் திறந்து காசை எதிரே பிடித்தாள். "ஒண்ணு, ஒம்போது, ஒம்போது, ஒம்போது. தொண்ணூத்தொம்பது."

"இப்போ கண்ணாடி வேண்டாம். ஓரத்துல பிறை மாதிரி நசுங்காம கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கு பாரு. அங்கே இந்த ரெண்டு ரூபாயோட சொந்த வருஷம் இருக்கு."

"தொண்ணூத்தஞ்சு."

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"தொண்ணூத்தஞ்சுல இந்தத் தகட்டை அடிச்சப்போ," என்றார் பக்தவத்சலம் மெதுவாக, "இன்னும் நாலு வருஷம் கழிச்சுப் பிறக்கப் போற காசு எப்படி சார் அச்சுல ஒட்டிக்கிட்டிருக்க முடியும்?"

"தம்பி பொறக்கறதுக்கு முன்னாடியே அண்ணன அடிச்சிட்டுப் போயிருக்கான்," என்றாள் ஷபானா.

ஜானகிராமன் நாற்காலியில் உட்கார்ந்தார். "எடை பார்த்தேன். விட்டம் பார்த்தேன். வருஷத்தைப் படிக்கவே இல்லையே." பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "வெறும் ரெண்டு ரூபாய்க்கா சார் மூணு விரலைக் கொடுத்தேன்?" என்று சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை. உலகத்தையே மில்லிகிராமில் நிறுக்கத் தெரிந்த ஆளுக்கு, ஆசை வந்தால் நாலு எண்ணைப் படிக்கத் தெரியாமல் போகிறது.

"வெறும் ரெண்டு ரூபாய்க்கு எவனும் விரலை உடைக்க மாட்டான்," என்றார் பக்தவத்சலம். "தப்பாப் பிறந்த காசா இருந்தா விக்கலாம், அதுக்காகத் திருட வருவான். அப்படி வந்தவன் வெள்ளி ரூபாயையும் சங்கிலியையும் விட்டுட்டுப் போவானா? இவங்களுக்குக் காசோட விலை முக்கியமில்லை. இது எங்கே அடிபட்டதுங்கறது வெளியே தெரியக் கூடாது, அதான் முக்கியம்."

அவர் காசின் மறுபக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சிங்கங்களின் முகம் நசுங்கி, அதன்மேல் பொடிப் பொடியாகக் குழி.

"கல்லுப்பு மேல படுத்து எழுந்தா முதுகு இப்பிடித்தான் இருக்கும்," என்றாள் ஷபானா.

"உப்பு இல்லை, கருங்கல். கீழே கருங்கல். மேலே எஃகு ரூபாய், அது கெட்டி. நடுவுல இந்த ரெண்டு ரூபாய் கொஞ்சம் மெத்து, அதனால அடியை இது வாங்கிக்கிச்சு. எஃகு ரூபாய்க்கு மேலே என்ன இருந்திருக்கும்?"

ஷபானாவின் முகம் மாறியது. "சார், எங்க மாமு கல்லு லாரி ஓட்றாரு. பெரிய கல்ல மேடையில எறக்கறதுக்கு முன்னாடி அடியில ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு காசு வெப்பாங்கோ. கல்லுக்கு ஒண்ணு, கைக்கு ஒண்ணு. காச வாங்கிக்கினு கைய வுட்டுடுன்னு கல்லுகிட்ட கேக்கறது. காசு வெச்ச ஆளு கைய வெளிய இழுத்துக்கினு 'உம்'னு சொன்னாத்தான் வின்ச்சுக்காரன் சக்கரத்தத் தடுக்கற கொண்டிய எடுப்பான்."

"வின்ச்சுல மெதுவா இறங்கற கல் காசைக் கீறும். ஒண்ணுக்குள்ள ஒண்ணை இறக்காது. இது விழுந்த கல். விழும்போது காசு வச்ச கை உள்ளே இருந்திருக்கு." அவர் ஜானகிராமன் பக்கம் திரும்பினார். "வந்தவங்ககிட்ட ஏதாவது அடையாளம்?"

"அடிச்சவன் காது மடிப்புல வெள்ளையா பொடி இருந்தது சார். பவுடர்னு நினைச்சேன்."

"கல்லுப் பொடி," என்று சொல்லும்போதே ஷபானா ஸ்கூட்டி சாவியை எடுத்துவிட்டாள்.

ராமானுஜத்தின் சிற்பக் கூடம் மாமல்லபுரத்துக்குள் நுழைகிற சாலையோரம் இருந்தது. உளிச் சத்தம் காதைத் துளைத்தது. நடுவில் மூன்று இரும்புக் கால் நட்டு நிறுத்திய வின்ச்சின் கம்பி வடத்தில் ஒரு பெரிய கருங்கல் நந்தி தொங்கிக்கொண்டிருந்தது, மேடைக்கு ஒரு முழம் மேலே. அந்தப் பக்கம் ஒரு லாரி பின்வாங்கி நின்றிருந்தது.

ராமானுஜம் சந்தனப் பொட்டும் வெள்ளை வேட்டியுமாகக் கைகூப்பி வரவேற்றார். பேச்சில் சர்க்கரை.

"நீலமேகமா? தங்கமான வேலைக்காரன் சார். பாழாய்ப் போன குடி. செத்த அன்னிக்கு அவன் வேலைக்கே வரலை."

"நந்தி எங்கே போகுது?"

"ஹார்பருக்கு. வெளிநாட்டுக் கோயில். கப்பல் ஏறிட்டா நம்ம கடமை முடிஞ்சுது."

"அடுத்த மாசந்தான்னு சொல்லிக்கினு இருந்தீங்கோ, திடீர்னு இன்னிக்கே தூக்கச் சொல்லிட்டீங்கோ," என்றார் வின்ச் பக்கத்தில் நின்ற தொழிலாளி, வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "தையில மேடையில வெச்ச கல்லு, அப்பிடியே கெடந்துச்சி."

ராமானுஜம் அவரைப் பார்த்த பார்வையில் சர்க்கரை இல்லை.

ஷபானா அதற்குள் மேடையருகே மண்டியிட்டு, பவுடர் டப்பாவைத் திறந்து நந்திக்கு அடியில் கையை நீட்டியிருந்தாள்.

"ஏம்மா, அங்க இன்னா பாக்கற?" என்று ஒரு தடியன் கடப்பாரையோடு வந்தான். அவன் காது மடிப்பில் வெள்ளைப் பொடி.

"நந்தி ஆம்பளையா பொம்பளையான்னு வெளிநாட்டுல கேப்பாங்கோ அண்ணாத்த. பாத்து எழுதிக்கறேன்." அவள் கண்ணாடியைச் சாய்த்தாள். பிறகு குரல் மாறியது. "சார். அடியில கறுப்பா காஞ்சி கீது. ரத்தம். நடுவுல ஒரு ரூபா காசு, கல்லோட ஒட்டிக்கினு கீது. வருசம் இந்தப் பக்கமா தெரியுது. தொண்ணூத்தொம்பது."

அடுத்து நடந்தது கண் மூடித் திறப்பதற்குள் நடந்தது. கடப்பாரை பக்தவத்சலத்தின் இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவருக்கே கேட்டது. அவர் சாயும்போது, சந்தனப் பொட்டுக்காரர் இரண்டே எட்டில் வின்ச்சை அடைந்து, பல்சக்கரத்தைத் தடுத்து நின்ற இரும்புக் கொண்டியைக் காலால் உதைத்தார்.

சக்கரம் கிறீச்சிட்டுச் சுழன்றது. அந்தச் சத்தத்துக்கே ஷபானா கையை இழுத்துப் புரண்டாள். நந்தி விழுந்தது. தரை அதிர்ந்து, புழுதி எழும்பி, கூடம் முழுக்க உளிகள் நின்றன. துப்பட்டாவின் பாதியும் பவுடர் டப்பாவும் கல்லுக்குக் கீழே போயின. அவள் சுண்டுவிரல் நகமும் அங்கேதான் தங்கிவிட்டது.

தடியன் கடப்பாரையை மறுபடி ஓங்கினான். பக்தவத்சலம் கீழே கிடந்த சம்மட்டியை ஒற்றைக் கையால் வீசி அவன் முழங்கால் சில்லில் அடித்தார். அவன் விழுந்ததும் இன்னொரு அடி, மணிக்கட்டில். அது ஜானகிராமனுக்காக. ஒழுங்கான துப்பறிவாளர் அந்த இரண்டாவது அடியை அடித்திருக்கக் கூடாது. அடித்தார், அவருக்கு அதில் வருத்தமும் இல்லை.

அதற்குள் ராமானுஜத்தைச் சுற்றி ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். உளி பிடித்த கைகள். யாரும் கத்தவில்லை.

"கை உள்ள இருக்கச் சொல்லோ கொண்டிய எடுத்தான்," என்றார் வின்ச் தொழிலாளி. நம்ப முடியாதவர்போல மறுபடி சொன்னார். "பாத்துக்கினே எடுத்தான்."

அவர்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. முதல் அடி வாயில் விழுந்தது. இரண்டு பல் புழுதியில் தெறித்தன. அப்புறம் யார் அடித்தது, எங்கே அடித்தது என்று சொல்ல முடியாது. சந்தனப் பொட்டு ரத்தத்தில் கரைந்தது.

"அந்த நீலமேகந்தான்டா தேவையில்லாம கொட்டாய்க்குள்ள பூந்தான்," என்று ராமானுஜம் தரையில் கிடந்து உளறினார். "கோயில்லேர்ந்து வந்த பழைய அம்மனுக்கு சிமென்ட் பூசிப் புதுசுன்னு அனுப்பறதைப் பார்த்துட்டான். போலீசுக்கு எழுதிப் போடுவேன்னான். என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

பக்தவத்சலம் உடைந்த தோளோடு நடுவே விழுந்து தடுத்தார். ராமானுஜத்தை உயிரோடு கொண்டுபோக வேண்டும். ஒரு பெண் கேட்ட கேள்விக்கு அவன் வாய்தான் பதில். போலீஸ் ஜீப் வந்தபோது அந்த வாயில் பேசுகிற அளவுக்கு மிச்சம் இருந்தது.

வெயில் தாழும்போது குப்பத்துக்குப் போனார்கள். செங்கம்மாள் மணலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தாள். கையைத் தூக்குக் கட்டில் போட்டிருந்த பக்தவத்சலத்தையும், விரலில் கட்டோடு வந்த ஷபானாவையும் பார்த்ததும் எழுந்தாள்.

"ஆளுதாம்மா," என்றார் பக்தவத்சலம். "கடல் இல்லை. ராமானுஜம். உங்க வீட்டுக்காரர் குடிச்சிருக்கவும் இல்லை. எல்லாரும் போன பிறகு நந்தியை இறக்கக் கூப்பிட்டு, காசு வைக்கக் கை நீட்டினப்போ கல்லை விட்டிருக்கான். தலையில அடிச்சுட்டு, கடல்ல போட்டிருக்காங்க. ஒத்துக்கிட்டான்."

அவள் தலையாட்டினாள். அழவில்லை.

"இப்போ நான் ஒண்ணு கேக்கறேன்," என்றார் அவர். குரலில் காலையிலிருந்த மரியாதை இல்லை. "விழுந்துட்டேன்னுதான் ஜானகிராமன் ஊருக்கே சொல்லியிருக்கார். சொந்தப் பொண்டாட்டிக்கே உண்மை தெரியாது. யாரோ உடைச்சாங்கன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

செங்கம்மாள் நண்டைக் கூடையில் போட்டாள்.

"வுழுந்துட்டாருன்னுதான் அந்த வூட்டு வேலைக்காரி சொன்னா. எனக்கு உடனே தெரிஞ்சிப் போச்சி."

"அந்தக் காசை அவர் சில்லறையில போட்டது நீங்க."

"ஆமா."

ஷபானா வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒன்றும் கிடைக்காமல் மூடிக்கொண்டாள். அப்படி நடப்பது அதுதான் முதல் தடவை.

"பொணத்தக் குளிப்பாட்டச் சொல்லோ உள்ளங்கை சதைக்குள்ள இருந்துச்சி," என்றாள் செங்கம்மாள். "ஸ்டேஷனுக்கு எடுத்துக்கினு போயி காட்டினேன். கடல்ல எத்தினியோ காசு கெடக்கும், போம்மான்னு தொரத்திட்டாங்கோ. அந்த ஐயா மீன் வாங்கச் சொல்லோ கோணக் காசு கீதா, ஓட்டக் காசு கீதான்னு கேட்டுக்கினே இருப்பாரு. கெடைச்சா பேப்பர்ல போடுவாரு. நான் அத மீதி சில்லறையோட சேத்துக் குடுத்தேன். கடல் பண்ணியிருந்தா அந்தக் காசத் தேடிக்கினு யாரும் வர மாட்டாங்கோ. ஆளு பண்ணியிருந்தா வருவான். வந்தான்."

"அந்த மனுஷனுக்கு மூணு விரல் போச்சு. உயிரே போயிருக்கும். அதை நினைச்சுப் பார்த்தீங்களா?"

"நெனச்சேன் சார்." அவள் அவர் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "நெனச்சிட்டுத்தான் குடுத்தேன்."

பக்தவத்சலத்துக்கு வந்த கோபத்தில் தோள் வலி தெரியவில்லை. அதே சமயம் அவள் பக்கத்து நியாயமும் தெரிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றார்.

செங்கம்மாள் தண்ணீர் ஓரம் போனாள். "தையிலேர்ந்து இந்தக் கடலுக்குத்தான் மண்ண வாரித் தூத்திக்கினு இருந்தேன். நாசமாப் போ, வத்திப் போன்னு. பாவம், இது இன்னா பண்ணிச்சி." குனிந்து அலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

திரும்பி வரும்போது காய்ந்த மணலில் நின்று, கை கொள்ளுமட்டும் ஒரு பிடி அள்ளினாள். சிந்தாமல் முந்தானையில் முடிந்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அவன எந்த ஸ்டேஷனுக்கு இட்டுக்கினு போயிகீறாங்கோ?" என்றாள்.

ஷபானா ஸ்கூட்டியைக் கிளப்பி, பின்சீட்டு மணலைக் கையால் தட்டிவிட்டாள்.

"ஏறு அக்கா," என்றாள்.